பெட்டியைப் பேசவைக்கும் பொத்தான்

பெரியாற்றுக்கும் மூவாற்றுப்புழை ஆற்றுக்கும் நடுவே இருக்கிறது கேரளத்தின் திருப்பூணித்துறை. கிழக்கு மலைகளில் கொட்டும் மழை இந்த ஆறுகளின் வழியாகவே கீழே இறங்கிவருகிறது. 2018 ஆகஸ்ட் 9 அன்று, 26 ஆண்டுகளுக்குப் பிறகு மலையிலுள்ள செறுதோணி அணையின் மதகு உயர்ந்தது. 15ஆம் தேதி கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்தையே வெள்ளம் மூடிவைத்தது. அப்படிப்பட்ட நாட்களில் கீழே இருப்பவர்களுக்கு ஒரே கேள்விதான்: மலையில் இப்போது எவ்வளவு மழை?

அதற்கான விடை, மலைச்சரிவில் சோலார் பேனலோடு தனியாக நிற்கும் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அதுதான் டேட்டா லாகர். அதற்கு இரண்டு வேலைகள்: குறித்துவைப்பது, சொல்லி அனுப்புவது.

குறிப்பது எளிது. பெட்டியோடு இணைந்த மழைமானிக்குள் ஏற்றப்பலகை போல ஆடும் இரண்டு சிறு கிண்ணங்கள் உண்டு. ஒன்று நிறைந்ததும் கவிழும், மற்றொன்று அதன் இடத்துக்கு வரும். ஒவ்வொரு முறை கவிழும்போதும் காந்தம் ஒரு சுவிட்சைக் கடந்துபோக, லாகர் ஒன்று கூட்டிக்கொள்ளும்.

சொல்வதுதான் செலவு. உறங்கும் லாகருக்கு ஒரு மில்லி ஆம்பியர்கூடத் தேவைப்படாது. செல்போன் வலையில் பேசும் ஜிஎஸ்எம் மோடமோ அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அதனால் கால் மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை மட்டும் மோடத்தை எழுப்பி, சேர்த்துவைத்ததை அனுப்பிவிட்டு மறுபடி தூங்கவைக்கிறார்கள்.

அந்த நேரம் வரும்வரை காத்திருக்க முடியாதபோது கைகொடுப்பது, 'இப்போதே அனுப்பு' என்னும் கட்டளை. சில கருவிகளில் அது ஒரு பொத்தான். நீர் புகாமல் முழுக்க மூடிய கருவிகளில், வெளியே ஒரு காந்தத்தைக் காட்டினால் உள்ளே சுவிட்ச் விழித்துக்கொள்ளும். வேறு சிலவற்றுக்கு லேப்டாப்பை இணைக்க வேண்டும், அல்லது மோடத்தை முழுக்க அணைக்காமல் வைத்திருந்தால் தொலைவிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போதும். உடனே மோடம் செல்போன் கோபுரத்தைத் தேடி, சர்வரோடு பேசி, பதிவுகளைத் தள்ளும். நன்றாக வடிவமைத்த லாகர், 'கிடைத்தது' என்ற பதில் வரும்வரை எதையும் அழிக்காது.

செல்போன் கோபுரம் எட்டாத காட்டில் கதை வேறு. அங்கே செய்தி 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் இன்சாட் செயற்கைக்கோள் வழியாகப் போகிறது. நிலையங்களுக்கு விநாடிக் கணக்கில் முறை வகுத்திருப்பார்கள். முறை தவறி அனுப்பினால் அடுத்த நிலையத்தின் செய்தியோடு மோதி இரண்டும் கெடலாம். எனவே அங்கே கைவிரலுக்கும் கடிகாரம் பார்க்கும் கட்டுப்பாடு வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது: அனுப்பச் சொல்வது அளக்கச் சொல்வதாகாது. பல லாகர்களில் பொத்தானை அழுத்தினால் போவது ஏற்கெனவே குறித்துவைத்த கடைசி அளவுதான். சோதனைக்காகக் கிண்ணத்தைக் கையால் கவிழ்த்தால், பெய்யாத மழையும் கணக்கில் ஏறிவிடும். அதைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். வானிலை நிலையங்களின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் காலை 8.30 அங்கே 3.00 மணி. இது தெரியாதவர் நல்ல பதிவையும் பழைய பதிவு என்று ஒதுக்கிவிடுவார்.

இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்பே ஒவ்வொரு பெட்டியின் முன்னும் நின்று இந்தக் கட்டளையை ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். மழைமானி சரியாக எண்ணியும், துருப்பிடித்த ஆன்டெனாவோ காலாவதியான சிம்மோ வாயை அடைத்துவிடலாம். கீழே அலுவலகத்தில் இருப்பவர் போனில் "வந்துவிட்டது" என்று சொல்லி, நிலையத்தின் எண்ணையும் நேரத்தையும் அளவையும் படித்துக்காட்டிய பிறகே மலையிலிருந்து இறங்க வேண்டும்.