பேச்சு போனால் புத்தி போய்விடுமா?

1861 ஏப்ரல். பாரிஸை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையின் அறுவைசிகிச்சைப் பிரிவுக்கு, அங்கேயே நெடுநாளாகத் தங்கியிருந்த 51 வயது லெபோர்ன் கால் அழுகிய நிலையில் கொண்டுவரப்பட்டார். முப்பது வயதிலேயே பேச்சை இழந்தவர். எதைக் கேட்டாலும் ‘டான், டான்’ என்பார். அங்கே அதுவே அவர் பெயராகிவிட்டது.

இந்த மருத்துவமனையில் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார் என்று அறுவை மருத்துவர் பால் புரோக்கா கேட்டார். லெபோர்னின் வலது கை செயலிழந்திருந்தது. இடது கையின் ஐந்து விரல்களையும் நான்கு முறை விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை மட்டும் நீட்டினார் லெபோர்ன். இருபத்தொன்று, கணக்கு சரி. மறுநாளும் அதே பதில். மூன்றாம் முறை கேட்டதும், தன்னைச் சோதிக்கிறார்கள் என்று புரிந்து, கோபத்தில் ஒரு வசையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்!

ஏப்ரல் 17-ல் அவர் இறந்தார். அவரது மூளையின் இடது முன்மடலில் சிதைவு இருந்ததைக் கண்டார் புரோக்கா. அதே மூளையில் பாதிப்பு இன்னும் ஆழமாகப் பரவியிருந்ததை 2007-ல் வெளியான ஸ்கேன் ஆய்வு காட்டியது. 1874-ல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கி லெபோர்னின் நிலைக்கு நேரெதிரான நிலையை விவரித்தார்: இந்த நோயாளிகள் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் பேச்சில் பொருள் இருக்காது, பிறர் பேசுவதும் சரியாகப் புரியாது.

ஆக, மொழி என்பது ஒற்றைத் திறன் அல்ல. சொல்லைத் தேடுவது, கோப்பது, உச்சரிப்பது, புரிந்துகொள்வது என அதில் பல வேலைகள் உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று நிற்கலாம். பேச முடியாத சிலருக்குப் பழகிய பாட்டு மட்டும் வரியோடு வரும். அதை வைத்தே, ராகமாக இழுத்துச் சொல்லிப் பழக்கும் பேச்சுப் பயிற்சியை 1973-ல் பாஸ்டன் நிபுணர்கள் வெளியிட்டார்கள்.

பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். ‘அவருக்கு ஒன்றும் புரியாது’ என்று அவர் கட்டிலருகிலேயே சொத்து விவகாரம் பேசுகிறோம். பெரும் கொடுமை அது. காது கேட்பவரிடம் கத்த வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, அதுவும் ஆம், இல்லை என்று தலையசைக்கும்படி கேளுங்கள். படத்தையோ பொருளையோ காட்டுங்கள். சொல் வராமல் தவிக்கும்போது முந்திக்கொண்டு முடிக்காதீர்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் சீக்கிரம் அழைத்துப் போங்கள். மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் முன்னேற்றம் வருவதுண்டு. அவரைப் பற்றிய எந்த முடிவையும் அவரைக் கேட்டே எடுங்கள்.