சோயா மொச்சையின் இரு வித்திலைகள்

எண்ணூரைக் கடந்து மீஞ்சூர்ப் பக்கம் சென்றால், ஆலைப் புகைபோக்கிகளுக்கு அப்பால் நெல்வயல்கள் தொடங்குவதைக் காணலாம். அங்கே ஒரு பஞ்சாயத்து உறுப்பினர், "சோயா மொச்சை விதைத்தோம், பாதி முளைக்கவில்லை. முளைத்ததிலும் பருப்பு உதிர்ந்து போகிறது. உதிர்ந்தால் நஷ்டமா, ஐயா?" என்று நம்மை வினவினார். விடை கூறுமுன் அப்பருப்பினுள் நடைபெறுவதை அறிதல் நலம்.

சோயா விதையில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பங்கு புரதமும் 20 பங்கு எண்ணெயும் உள்ளன. இவற்றில் பெரும்பகுதி, நாம் பருப்பு என்று கூறும் இரு வித்திலைகளில் அடங்கியுள்ளது.

சோயாவின் மரபணுக்கள் சுமார் 46,000 என்று 2010-இல் கணிக்கப்பட்டது. அவை ஒவ்வோர் உயிரணுவிலும் உண்டு. ஆயினும் எல்லாம் ஒருங்கே தொழிற்படுவதில்லை. பஞ்சாயத்து அலமாரியில் எல்லாப் பதிவேடுகளும் இருப்பினும், வரி வசூல் நாளில் வரிப் பதிவேட்டைத்தானே திறக்கிறோம்? காய் முற்றும்போது புரதம் சேர்க்கும் மரபணுக்கள் திறந்திருக்கும்; விதை காய்ந்ததும் மூடப்படும். விதை நீர் உறிஞ்சி முளைத்தபின், புரதத்தைக் கரைப்பனவும் எண்ணெயைச் சர்க்கரையாக்குவனவும் திறக்கின்றன. உளுந்தைப் போலவே சோயாவும் வித்திலைகளை மண்ணுக்கு மேலே தூக்கி வருகிறது. ஒளி பட்டதும் பச்சையத்துக்குரிய மரபணுக்கள் முனைகின்றன. கிடங்காக இருந்தது ஆலையாகிவிடுகிறது! அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 2007-இல் வித்திலையின் ஏழு நிலைகளை ஒப்பிட்டு, எண்ணெயைச் சர்க்கரையாக்கும் பாதையின் மரபணுக்களுக்கு இம்மாற்றத்தில் முக்கியப் பங்குண்டு எனக் கண்டனர். மேலே வந்த ஒரு வாரம், பத்து நாள் வரை செடிக்கு உணவளித்து, தம் எடையில் நூற்றுக்கு 70 பங்கை இழந்து, வித்திலைகள் மஞ்சளித்து உதிர்கின்றன.

ஆகவே, தானே மஞ்சளித்து உதிர்ந்தால் கவலை வேண்டாம். பசுமையாக இருக்கையில் ஒன்று போனாலும் பெரும் நஷ்டமில்லை. முளைத்தவுடன் இரண்டுமே போனால் விளைச்சலில் நூற்றுக்கு 8, 9 பங்கு குறையலாம். வித்திலைகளுக்குக் கீழே தண்டு ஒடிந்தாலோ செடி பிழைக்காது. துவரை பிழைக்கும், அதன் வித்திலைகள் மண்ணுக்குள்ளேயே தங்குவதால். எனவே விதையை 2, 3 சென்டிமீட்டருக்குமேல் ஆழத்தில் இடலாகாது. மழைக்குப்பின் மேல்மண் இறுகினால், முளை வெளிவருமுன் இலேசாக நீர் தெளித்து இளக்குதல் வேண்டும்.

பாதி விதை முளைக்காததற்குச் சேமிப்பும் காரணமாகலாம். கடற்கரையின் ஈரக் காற்றிலும் வெப்பத்திலும் சோயா விதை விரைவில் முளைப்புத் திறனை இழக்கும். விதைப்புக்கு ஒரு வாரம் முன்னரே 100 விதைகளை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, இரு வித்திலைகளும் பழுதின்றி முளைத்தவற்றை மட்டும் எண்ணுங்கள். 70-க்குக் குறைந்தால் அவ்விதையை விதைக்க வேண்டாம்.