வாடையும் மின் துவிச்சக்கரவண்டியும்

வாடை என்றதும் தமிழ் கற்றோர்க்கு நெடுநல்வாடை நினைவில் எழும். அங்கே நக்கீரர் காட்டும் குளிர், நெருப்பிற் கைகாய்ச்சினால் ஓரளவு தணிவது. நீர் கல்லாய் உறையும் நாட்டு வாடையோ வேறு. அதனூடே நாள்தோறும் துவிச்சக்கரவண்டியிற் பணிக்குச் செல்வோரும் உளர் என்பது வியப்பன்றோ?

பின்லாந்தின் வடபால், பொத்னியாக் குடாவின் கரையில் உள்ளது ஓவுலு நகரம். வட அகலக்கோடு 65 பாகையில் அமைந்தமையால், மார்கழியின் மிகக் குறுகிய நாளில் ஞாயிறு அங்கே மூன்றரை மணி நேரமளவே தோன்றும். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக்கு இறங்குதலும் உண்டு. பனிக்காலத் துவிச்சக்கரவண்டிப் பயணம் பற்றிய முதலாவது அனைத்துலக மாநாடு 2013ஆம் ஆண்டில் இந்நகரிலேயே கூடிற்று.

அத்தகைய பயணத்துக்கு இந்நாளில் வாய்த்த புதுத்துணை மின் துவிச்சக்கரவண்டி. ஐரோப்பிய ஒன்றியத்தில், தனி உரிமமின்றி ஓட்டத்தக்க வண்டியின் மோட்டர் 250 வாற்றுக்கு மேற்படலாகாது. மிதிப்பவருக்கே அது துணைசெய்யும். வேகம் மணிக்கு 25 கிலோமீற்றரை எட்டியதும் துணை நின்றுவிடும். இத்துணையின் அருமை குளிரிலேதான் புலனாகும். தடித்த ஆடையணிந்து வருந்தி மிதிப்பவனுக்கு உள்ளே வியர்க்கும்; அவன் நின்றவுடன் அவ்வியர்வையே குளிர்ந்து உடலை வாட்டும். மோட்டர் சுமையைப் பகிர்வதால் அத்துன்பம் குறைகின்றது.

ஆயினும் பொறிக்கும் குளிர் உண்டு. இலிதியம் மின்கலத்தினுள்ளே மின்னேற்றத் துணிக்கைகள் குளிரில் மெல்ல நகர்வதால், கோடையிற் சென்ற தூரத்தை வண்டி பனிக்காலத்திற் செல்லாது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த மின்கலத்துக்கு மின்னேற்றினால் உள்ளே இலிதியம் உலோகமாய்ப் படிந்து நிலையான கேட்டை விளைக்கும். ஆதலின் அறிந்தோர் அதனைக் கழற்றி வீட்டினுள்ளே கொண்டுசென்று, குளிர் தணிந்த பின்னரே மின்னேற்றுவர். பனிக்கட்டியில் வழுக்காதிருக்கச் சிற்றாணிகள் பதித்த ரயர்களையும் பூட்டுவர்.

இத்தனையும் செய்தாலும், முழங்காலளவு பனி மூடிய பாதையில் எவ்வண்டியும் ஓடாது. ஓவுலு நகரின் வெற்றி மோட்டரினால் வந்ததன்று. மின் வண்டி பரவுமுன்னரே அங்கு மக்கள் பனியில் மிதித்துச் சென்றனர். ஊரவர் புறப்படுமுன்னரே முதன்மைப் பாதைகளிற் பனி வழிக்கப்படுகின்றது. கடுங்குளிரில் உப்புப் பயன்தராது. எனவே எஞ்சிய பனியை இறுக்கிச் சமமாக்கி, அதன்மேற் சிறு சரளைக்கல் தூவுகின்றனர்.

வாடை வீசும் நள்ளிரவிற் பாசறையை விட்டு வெளிப்போந்து, புண்பட்ட மறவரைக் கண்டு ஆறுதல் கூறிய வேந்தனை நெடுநல்வாடையிற் காண்கின்றோம். பனி வழிக்கும் பணியாளரும் பிறர் உறங்கும் வேளையிலேயே புறப்படுகின்றனர். பொழுது விடியாத காலை இருளில், விளக்கேற்றிய வண்டிகளிற் சிறார் பள்ளி சேர்வது அவர்தம் உழைப்பினாலேயாம்.