நிலவறையில் ஐவர்

கணிப்பொறியில் ஆடும் விளையாட்டைப் பற்றி வானொலியில் பேசுவதா என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். மாணவ நண்பர்கள் அங்ஙனம் எண்ணமாட்டீர்கள். முன்பின் அறியாத ஐவர் கூடி ஒரு காரியத்தை முடிக்கும்போது எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

2004 நவம்பரில் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் இணைய விளையாட்டில் ‘டஞ்சன்’ எனப்படும் நிலவறைகள் உண்டு. அவற்றுள் ஐவர் குழுவாகப் புகுவர். ஒருவர் ‘டேங்க்’, பகைவரின் அடியைத் தாமே தாங்குபவர். மற்றொருவர் ‘ஹீலர்’, காயம் ஆற்றுபவர். எஞ்சிய மூவரும் தாக்குபவர். பகைப்பூதம் யார்மேல் பாயும்? தன் சினத்தை மிகுதியாகக் கிளறியவர் மேல். ஆதலின், டேங்க் முதலில் அடித்து அச்சினத்தைத் தம்பால் ஈர்க்கும்வரை ஏனையோர் பொறுத்திருத்தல் முறை. பொறாது ஒருவர் பாய்ந்தால் பூதம் அவரை நோக்கித் திரும்பும். ஹீலரின் ஆற்றல் அவரைக் காப்பதிலேயே செலவாகும். முடிவில் ஐவரும் மடிவர். 2005-இல் பரவிய ‘லீராய் ஜென்கின்ஸ்’ காணொளி இக்கதைதான். தோழர்கள் திட்டம் வகுத்துக்கொண்டிருக்க, அவர் தம் பெயரையே போர்முழக்கமாகக் கூவி ஓடினார். குழு முழுதும் அழிந்தது. அது நகைப்புக்காக நடித்தது என்பது பின்னர் வெளிப்பட்டது. நடிப்பாயினும் பலருக்கு அது பழகிய துன்பமே!

ஹீலரின் ‘மானா’ என்னும் ஆற்றல் தீர்ந்தால் அவர் அமர்ந்து நீர் பருகி அதை மீட்பார். அதுவரை காத்திராத டேங்க் தம் சாவைத் தாமே தேடிக்கொள்கிறார். கிடைத்த பொருளைப் பங்கிடவும் முறை உண்டு. உண்மையில் வேண்டுவோர் ‘நீட்’ என்றும், கிடைத்தால் கொள்வோர் ‘கிரீட்’ என்றும் அழுத்துவர்; ஒன்று முதல் நூறுவரை எண் விழும்; ‘நீட்’ என்றவர்களுள் பேரெண் பெற்றவருக்கே பொருள். பயன்படாத வாளுக்கு ‘நீட்’ அழுத்துபவரைப் பந்தியில் இரண்டு இலை போட்டுக்கொள்பவராகவே கருதுவர்.

முன்பெல்லாம் ஒரே சர்வரில் உள்ளோர் தாமே பேசிக் குழு சேர்ந்தனர். தவறு செய்தவர் பெயர் நினைவில் நின்றது. 2009 டிசம்பரில் வந்த ‘டஞ்சன் ஃபைண்டர்’, பல சர்வர்களில் உள்ளோரைத் தானே இணைத்தது. வசதி பெருகிற்று. ஆனால் ஆட்டம் முடிந்தபின் மீண்டும் சந்திக்கப்போவதில்லை என்ற எண்ணமும் உடன் பெருகிற்று. எனக்கும் அது வந்தது.

ஒருநாள் நான் ஹீலராக இருந்தேன். டேங்காக வந்தவர், தாம் புதியவர் என்று முதலிலேயே எழுதினார். எவரும் விடை கூறவில்லை, நானும் கூறவில்லை. இரண்டாம் அறையிலேயே வழிதவறி வீழ்ந்தோம். ‘எந்தப் பக்கம் செல்லவேண்டும்?’ என்று அவர் கேட்டார். அதற்கு விடையாக, அவரை நீக்கலாமா என்னும் வாக்கெடுப்பு என் திரையில் தோன்றிற்று. நேரம் போகிறதே என்று ‘ஆம்’ என அழுத்தினேன். அவர் மறைந்தார், அவர் கேட்ட கேள்வி திரையில் அப்படியே நின்றது. வேறொரு டேங்க் வருவதற்கு நெடுநேரம் காத்திருந்தோம். ‘இடப்பக்கம்’ என்று எழுத எத்தனை நொடி ஆகியிருக்கும்?

இப்போது குழுவில் சேர்ந்தவுடன், யாரேனும் புதியவரா என்று நானே கேட்கிறேன். பெரும்பாலும் மௌனமே விடை. ஒருமுறை மட்டும் ஒருவர், ‘ஆம், இதுவே முதல் முறை’ என்று எழுதினார். அன்று அறைதோறும் நின்று வழி சொல்லிச் சென்றோம். வழக்கத்தினும் இருமடங்கு நேரம் ஆயிற்று. ஐவருள் எவரும் விலகவில்லை.