ஒரு மணி நேரத்து உஷ்ணம்

தேசாரு கடற்கரைக்கோ கோத்தா திங்கி நீர்வீழ்ச்சிக்கோ குடும்பத்தோடு புறப்படும் ஜொகூர் பாருவாசிகளின் காரில், பாய்க்கும் பிரியாணிப் பாத்திரத்துக்கும் நடுவே, நீல நிற ஐஸ் பெட்டி ஒன்று தவறாமல் இடம் பெற்றிருக்கும். பனிக்கட்டியைக் கரையாமல் காப்பதே அதன் தர்மம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்த எனக்கு, கைவைக்க முடியாத உஷ்ணத்தையும் அது அதே விசுவாசத்தோடு காக்கும் என்பது, ஜொகூர் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் வசிக்கும் நண்பர் ஒருவரின் சமையலறையில்தான் தெரியவந்தது. அடுக்குமாடி வீட்டின் அந்தச் சிறிய அறையில், பழைய போர்வையொன்றால் சுற்றப்பட்டுத் தரையில் இருந்த ஐஸ் பெட்டியின் மூடியை நான் திறக்கப்போனபோது, "அண்ணே, இன்னும் இருபது நிமிஷம் தொடாதீங்க, சூடு இறங்கிடும்" என்று அவர் பதறிக்கொண்டு வந்த காட்சி இன்றும் ஞாபகத்தில் இருக்கிறது. பெட்டிக்குள் ஊறிக்கொண்டிருந்தது பார்லி மால்ட். அவர் தமக்கென்று பீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

சட்ட விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சிங்கப்பூரில் 2004 முதல், விற்பனைக்கன்றிச் சொந்த உபயோகத்துக்காக ஒரு குடும்பம் மாதத்துக்கு 30 லிட்டர் வரை பீர் போன்ற நொதித்த பானங்களை வீட்டில் தயாரித்துக்கொள்ள அனுமதி உண்டு. வாலை வடித்தல் மட்டும் கூடாது. பாலத்துக்கு இப்பால் நிலைமை வேறு. 1976ஆம் வருஷத்துக் கலால் சட்டப்படி உரிமம் இன்றி மதுபானம் உற்பத்தி செய்வது மலேசியாவில் குற்றம். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான நீளமுள்ள பாலத்தின் இரு கரைகளில், ஒரே பெட்டி இருவேறு சட்டங்களுக்கு உட்படுகிறது. ஆயினும் பெட்டியின் உள்ளே நடக்கும் ரசாயனம் எந்தக் கரையிலும் குற்றமன்று. மதுவுக்கு முந்திய கட்டம் அது. நம் ஊர்க் காப்பிக்கடைகளில் காலையும் மாலையும் கலக்கும் மைலோவும், 1934இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மெய்ன் என்பவர் உருவாக்கிய நாளிலிருந்து, இதே முறையில் பார்லி மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த சத்தைத்தான் ஆதாரமாகக் கொண்டிருக்கிறது.

தானியம் முளைவிடும்போது, தன்னுள் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி முளைக்கு ஊட்டுவதற்காக, அமைலேஸ் என்னும் நொதிப்பொருளைத் தானே ஆக்கிக்கொள்கிறது. முளைத்ததை உலர்த்தினால் கிடைப்பதே மால்ட்; அதில் அந்த நொதி உறங்கிக்கிடக்கும். உடைத்து வெந்நீரில் இட்டால் விழித்துக்கொள்ளும். அதில் இரண்டு வகை. 60 முதல் 65 டிகிரி செல்ஸியஸ் வரையில் சுறுசுறுப்பாக வேலை செய்யும் பீட்டா அமைலேஸ், ஈஸ்ட் எளிதில் உண்ணக்கூடிய சர்க்கரையைத் தருகிறது. 70 டிகிரியை ஒட்டிய உஷ்ணத்தை விரும்பும் ஆல்ஃபா அமைலேஸ், ஈஸ்ட்டால் உண்ண முடியாத நீண்ட சங்கிலிகளையும் விட்டுவைத்துப் பானத்துக்குக் கனத்தைக் கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்து உழைக்கவேண்டுமானால் 66 டிகிரியை ஒட்டிய உஷ்ணம் ஒரு மணி நேரம் மாறாமல் நிற்கவேண்டும். இரண்டு டிகிரி இறங்கினால் பானம் மெலிகிறது. மிக ஏறினால் நொதியே அழிகிறது. 1972 முதல் ஷா ஆலமில் இயங்கும் கார்ல்ஸ்பர்க் ஆலையைப் போன்ற பெரிய தொழிற்கூடங்களில் இந்தக் காவலை உருக்குக் கலங்களும் நீராவியும் கருவிகளும் செய்கின்றன. வீட்டுக்காரருக்கோ ஒரு பெட்டிதான் துணை. இங்கிலாந்தில் 1963இலும் அமெரிக்காவில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட 1978ஆம் வருஷத்துச் சட்டத்தாலும் வீட்டுக் காய்ச்சலுக்கு இருந்த தடைகள் நீங்கியபின், அந்நாட்டார் தங்கள் உல்லாசப் பயணப் பெட்டியையே மாஷ் டன் என்னும் ஊறற்கலமாக ஆக்கிக்கொண்டார்கள். அது வெறும் சிக்கனம் என்று சிலர் நினைக்கக்கூடும். சிக்கனத்தை விடப் பெரிய விவேகம் அதில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அடுப்பின் மேல் பாத்திரத்தை வைத்து மணிக்கணக்கில் தீயை ஏற்றியும் இறக்கியும் போராடுவதைக் காட்டிலும், வேண்டிய உஷ்ணத்தை ஒரே முறை கொடுத்து, அது வெளியேறாமல் பார்த்துக்கொள்வதே மேலான உபாயம்.

அப்படியானால் எந்தப் பெட்டியை வாங்குவது? கடைக்காரர் எடுத்துக் காட்டும் நிறமும் பெயரும் நமக்குப் பிரயோஜனமில்லை. 20 லிட்டர் அளவுக்குப் பீர் வேண்டுமானால் ஏறக்குறைய 5 கிலோ மால்ட்டும் அதை ஊறவைக்க 15 லிட்டர் நீரும் தேவை; ஒரு கிலோ மால்ட் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான இடத்தை அடைத்துக்கொள்வதால், கலவை 18 லிட்டரைத் தாண்டும். கிளறுவதற்கும் இடம்விட்டால் 25 முதல் 30 லிட்டர் கொள்ளும் பெட்டி போதுமானது. பின்னால் உதவும் என்று 60 லிட்டர்ப் பெட்டியை வாங்குகிறவர்கள், கலவைக்கு மேலே கிடக்கும் வெற்றிடத்தைச் சூடாக்குவதிலேயே தங்கள் உஷ்ணத்தைப் பறிகொடுக்கிறார்கள். வட்டமாக உயர்ந்த தண்ணீர்க் கலம், மேலிருந்து வெந்நீரை மெல்லத் தூவிச் சர்க்கரையைக் கழுவியெடுக்கும் முறைக்கு உகந்தது, ஏனெனில் தானியப் படுகை ஆழமாக அமைந்து நீர் சீராக இறங்குகிறது. ஒரே தடவையில் நீரை ஊற்றிக் கலக்கி வடிப்பவருக்குச் சதுரப் பெட்டியே போதும். முதன்முதலாகச் செய்பவருக்கு நான் அதையே சொல்வேன்.

மூடியைக் கவனிக்காமல் வாங்குபவர்கள்தாம் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். சுவர்களில் பாலியூரித்தேன் நுரையை நிரப்பிய பெட்டிகளிலும்கூட மூடி மட்டும் உள்ளே வெறும் கூடாக இருப்பதுண்டு. குளிர்ந்த காற்று கனமானது, கீழே தங்கிவிடும், ஆதலால் பனிக்கட்டிக்கு அந்தக் குறை பெரிதாகத் தெரிவதில்லை. வெந்நீரின் ஆவியோ மேலேதான் ஏறுகிறது. மூடியை விரலால் தட்டிப் பாருங்கள். வெறும் பானைபோல் ஒலித்தால் விட்டுவிடுங்கள், அல்லது மேலே கனத்த போர்வை போடச் சித்தமாயிருங்கள். உட்சுவர், உணவுக்கு ஏற்ற அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீனாக இருக்கவேண்டும். மீன்கடைகளில் காணும் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியை, விலை சில வெள்ளிதானே என்று, இந்தக் காரியத்துக்கு எடுக்கவே கூடாது. சூடு படும் உணவுக்கு அது உரியதன்று. நல்ல பெட்டியிலும் கொதிக்கும் நீரை நேரே ஊற்றினால் உட்சுவர் வளைந்துபோகும்.

அடியில் உள்ள வடிகுழாய், நண்பரின் பெட்டியில், பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத உருக்குத் திருகுகுழாயாக மாற்றப்பட்டிருந்தது. அதன் உட்புறத்தில் அவர் பொருத்தியிருந்த வடிகட்டியை முதலில் நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. குழாய்க்காரர்கள் கைகழுவும் தொட்டிக்கு நீர் கொண்டுவர இணைக்கும் உருக்குப் பின்னல் குழாயின் இரு முனைகளையும் அறுத்து, உள்ளே இருந்த ரப்பரை உருவி எறிந்துவிட்டு, பின்னலை மட்டும் பாம்புச்சட்டைபோல் கிடத்தியிருந்தார். ஒரு மணி நேரம் முடிந்ததும் வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டுச் சாற்றை விட்டு, அயோடின் துளியொன்றைச் சேர்த்தார். மாவுச்சத்து மிஞ்சியிருந்தால் கருநீலமாகும். அதுவோ அயோடினின் செந்நிறம் மாறாமலே நின்றது. குழாயைத் திறந்தபோது முதலில் கலங்கலாக வந்த சாற்றை மறுபடியும் மேலே ஊற்றி, தேன் நிறத்தில் தெளிந்த பிறகே பாத்திரத்தில் பிடித்தார். வாயில் இட்டுப் பார்த்தேன். பனங்கற்கண்டுப் பாகின் இனிப்பும் வறுத்த தானியத்தின் மணமும் கலந்திருந்தன.

இந்த விஷயத்தில் நம் பிரதேசத்துக்கு ஒரு சலுகை உண்டு. பொருளிலிருந்து வெளியேறும் வெப்பம் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள உஷ்ண வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 10 டிகிரி நிலவும் குளிர்நாட்டில் அந்த வித்தியாசம் 56. நம் சமையலறையின் 30 டிகிரியில் 36தான். ஆகவே அங்கே இழப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே இங்கே இழக்கிறோம். தானியமும் முன்கூட்டியே வெதுவெதுப்பாக இருப்பதால், கிலோவுக்கு 3 லிட்டர் என்ற அளவில், நீரை 71 டிகிரிக்குச் சூடாக்கினாலே கலவை 66இல் வந்து நிற்கும். அதற்குமுன் பெட்டிக்குள் வெந்நீரை ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்துக் கொட்டிவிடவேண்டும். இல்லாவிட்டால் சுவரே இரண்டு மூன்று டிகிரியைக் குடித்துவிடும். புதுப்பெட்டியை மால்ட் இல்லாமல் 70 டிகிரி நீரால் மட்டும் நிரப்பி, மணி பார்த்து, ஒரு மணி கழித்து அளந்து பார்ப்பதே சரியான பரீட்சை. ஒன்றிரண்டு டிகிரி இறங்கினால் அந்தப் பெட்டி போதும்.

சட்டத்துக்கு அடங்கிய ஜொகூர்க்காரனாகிய நான், ஜாலான் ஊங்கு புவானில் உள்ள மளிகைக்கடையில் கேழ்வரகு வாங்கிவந்தேன். ஒரு பங்கை ஓரிரவு ஊறவைத்து, இரண்டு நாள் துணியில் முளைகட்டி, வெயிலில் உலர்த்தி, நொதி அழியாதபடி வறுக்காமலே அரைத்தேன். முளைகட்டாத மாவில், கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகக் கூழ் காய்ச்சி, 65 டிகிரிக்கு ஆறவிட்டு, முளைமாவில் ஒரு கைப்பிடியைத் தூவிக் கலக்கினேன். சிறிய அளவு தனியே சூட்டைத் தக்கவைக்காது. ஆகையால் பாத்திரத்தோடு ஐஸ் பெட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் அதே உஷ்ணத்தில் நீரை ஊற்றி மூடினேன். கால் மணி நேரத்திலேயே, நிமிர்ந்து நின்ற கரண்டி சாய்ந்து கிடந்தது. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும்போது முளைகட்டிய மாவையே என் தாயார் வற்புறுத்தியதன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கிற்று. ஒரு மணி முடிந்ததும் எடுத்து, மறுபடி நன்றாகக் கொதிக்கவைத்து, சர்க்கரை சேர்க்காமலே ஆளுக்கொரு டம்ளர் பருகினோம். மிச்சம் வைக்கவில்லை, இந்த ஊர் வெயிலில் அது மறுநாளே தானாக நொதிக்கத் தொடங்கிவிடும்.