ஆர்கான் ஏன் எதனோடும் சேர்வதில்லை?

எவர்சில்வர் கைப்பிடிக் கம்பிகள் செய்யும் பட்டறைகளில் 'ஆர்கான் வெல்டிங்' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். தேனியிலும் கம்பத்திலும் இது தெரிந்த பெயர்தான். சிலிண்டரிலிருந்து வரும் ஆர்கான் வாயு, உருகிய உலோகத்தின்மேல் போர்வைபோல் நிற்கிறது. ஆக்சிஜன் புகுந்தால் இணைப்பு கறுத்துக் கெட்டுவிடும். ஆர்கானோ அந்தச் சூட்டிலும் உலோகத்தோடு சேர்வதில்லை.

இது அபூர்வப் பொருளன்று. நம் பள்ளத்தாக்கில் வீசும் ஆடிக்காற்றில் நூறு லிட்டருக்கு ஏறத்தாழ 0.93 லிட்டர் ஆர்கான்தான். மூச்சோடு உள்ளே போய் அப்படியே திரும்பி வருகிறது.

காரணம் கேட்டால், "வெளிக்கூட்டில் எட்டு எலெக்ட்ரான்கள், ஆகவே திருப்தி" என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது! ஆனால் அணுவுக்குத் திருப்தி ஏது? ஆற்றல் கணக்குத்தான் உண்டு.

சோடியத்தையும் ஆர்கானையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் வெளி எலெக்ட்ரான்கள் மூன்றாம் கூட்டில்தான் உள்ளன. கருவின் கவர்ச்சியை இடையில் நின்று மறைக்கும் உள் எலெக்ட்ரான்களும் இரண்டிலும் பத்துதான். ஆனால் சோடியக் கருவில் 11 புரோட்டான்கள், ஆர்கானில் 18. எனவே ஆர்கானின் பிடி மிக இறுக்கம். ஓர் எலெக்ட்ரானைப் பிரிக்கச் சோடியத்துக்கு 5.14 எலெக்ட்ரான் வோல்ட் போதும், ஆர்கானுக்கு 15.76 வேண்டும்.

சரி, வெளியிலிருந்து ஒன்றை வாங்கிக்கொள்ளலாமே? 17 புரோட்டான் உள்ள குளோரின் அப்படித்தான் செய்கிறது. அங்கே ஓர் இடம் காலி. ஆர்கானில் அந்த இடமும் நிரம்பிவிட்டது. புதிதாக வருவது நான்காம் கூட்டுக்குப் போக வேண்டும். அங்கே கருவை 18 எலெக்ட்ரான்கள் மறைத்து நிற்பதால் பிடிப்பே இராது. கொடுக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. பங்கிட்டுக்கொள்ள ஒற்றை எலெக்ட்ரானும் இல்லை.

இப்படி ஒட்டாமலிருப்பதால்தான் இக்குடும்பம் நெடுநாள் கண்ணில் படவில்லை. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தின்போது சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் ஒரு மஞ்சள் நிறமாலைக் கோட்டைக் கண்டார். அது ஹீலியத்தின் கோடு. பூமியில் அதை ராம்சே பிரித்தெடுத்தது 1895இல்தான்.

கணக்கென்றால் விதிவிலக்கும் வரலாம் அல்லவா? செனான் பெரிய அணு, அதற்கு 12.13 போதும். ஆக்சிஜன் மூலக்கூறுக்கு வேண்டியது 12.07. ஆக்சிஜனிடமிருந்தே எலெக்ட்ரானைப் பறிக்கும் பிளாட்டினம் ஹெக்சாபுளோரைடு, செனானை மட்டும் விட்டுவிடுமா என்று கனடாவில் நீல் பார்ட்லெட் யோசித்தார். 1962இல் இரண்டையும் கலந்தார். ஆரஞ்சு மஞ்சள் நிறத்தில் ஒரு திண்மம் படிந்தது!

2000ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியில் ஆர்கானையும் ஹைட்ரஜன், புளோரினோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் அச்சேர்மம் நிலைத்தது மைனஸ் 200 டிகிரிக்கும் கீழான குளிரில்தான். பட்டறைக்காரர் கவலைப்பட வேண்டியதில்லை.