நல்ல கொழுப்போடு சுற்றிவரும் காவலாளி

கிளினிக்கில் கொலஸ்ட்ரால் சோதனை செய்தால், தாளில் ‘எச்.டி.எல்.’ என்று ஓர் எண் இருக்கும். அதைத்தான் நல்ல கொழுப்பு என்கிறோம். அந்தக் கொழுப்போடு ஒட்டிக்கொண்டு பாராக்சோனேஸ் என்ற நொதியும், அதாவது என்சைமும், உங்கள் இரத்தத்தில் சுற்றிவருகிறது. நல்ல கொழுப்பு தரும் பாதுகாப்பில் இதற்கும் பங்கு உண்டு.

இதை உருவாக்குவது கல்லீரல். கெட்ட கொழுப்பு இரத்தக் குழாயின் சுவரில் தங்கி, பழைய எண்ணெய் காறிப்போவது போல் கெடும்போது அடைப்பு தொடங்குகிறது. அப்படிக் கெடுவதை இந்த நொதி தடுக்கிறது என்று இங்கிலாந்து ஆய்வாளர்கள் 1991-இல் காட்டினார்கள்.

அதற்கு முன்பே, 1950-களில், இது பூச்சிமருந்து நஞ்சைச் சிதைப்பதாகக் கண்டறியப்பட்டிருந்தது. அதன் பெயரே பாராக்சான் என்ற நஞ்சிலிருந்து வந்ததுதான். ஜாசின், அலோர் காஜா பக்கத் தோட்டங்களில் மருந்து அடித்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் சிலவற்றை இது ஓரளவு சிதைக்கும், அவ்வளவுதான். புல்லுக்கு அடித்த பாராகுவாட் வேறு வகை. அதை இது தொடாது. பாராகுவாட்டுக்கு நம் நாட்டில் 2020 முதல் தடை. வீட்டுக் கொட்டகையில் பழைய போத்தல் கிடந்தால் திறக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, விவசாய இலாகாவிடம் கேளுங்கள்.

இந்த நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். பிறப்பிலேயே சிலருக்குக் குறைவு. வயது ஏறினாலும் குறையும். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு, தாளில் நல்ல கொழுப்பின் எண் சரியாக இருந்தாலும், நொதி சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது மற்ற இனத்தவரைவிட அதிகம்.

நம் கையில் இருப்பவற்றில் முதலாவது சிகரெட். புகை இந்த நொதியை நேரடியாக மந்தமாக்குகிறது. விட்டவர்களுக்கு அது படிப்படியாக மீள்கிறது. “நாற்பது வருசம் ஊதியாச்சு, இனி விட்டு என்ன ஆகப்போகுது?” என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

அடுத்தது எண்ணெய். 1999-இல் நியூசிலாந்தில் ஒரு சோதனை நடந்தது. உணவகத்தில் பலமுறை பொரித்த கொழுப்பில் செய்த உணவை ஆரோக்கியமான ஆண்கள் உண்டார்கள். நான்கே மணி நேரத்தில் அவர்கள் இரத்தத்தில் இந்த நொதியின் வேகம் குறைந்தது. புதிய கொழுப்பில் செய்த உணவு அப்படிச் செய்யவில்லை. பசார் மாலாமில் கறுத்த எண்ணெயில் மிதக்கும் பீசாங் கோரேங்கைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி முறுக்கு சுட்ட எண்ணெயை வடிகட்டி, மாதக் கணக்கில் அப்பளம் பொரிக்கும் பழக்கமும் நம் வீடுகளில் உண்டு. சிக்கனம்தான், ஆனால் எண்ணெய் கறுத்து, நுரைத்து, காறல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

மாதுளைச் சாறு இந்த நொதியைக் கூட்டியதாகச் சிறு ஆய்வுகள் உண்டு. அதற்காகப் போத்தல் சாறு வாங்க வேண்டாம். அதில் சர்க்கரை அதிகம். பழமாகவே கொஞ்சம் சாப்பிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். மற்றபடி தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு. மாலையில் மூச்சு லேசாக வாங்கும் அளவுக்கு நடை. இவை சர்க்கரையையும் கொழுப்பையும் கட்டுக்குள் வைக்கும், நொதிக்கும் நல்லது.

இந்த நொதியை அளக்கும் சோதனை கிளினிக்கில் வழக்கமாகச் செய்யப்படுவதில்லை. அதற்காகத் தனியாரிடம் பணம் கட்டவும் தேவையில்லை. சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொழுப்பு மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். புகைப்பவராக இருந்தால், அடுத்த முறை கிளினிக் போகும்போது, புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் பிரிவு எந்த நாளில் நடக்கிறது என்று முகப்பிலேயே கேளுங்கள்.